33-இல் தொடங்குவோம்: இந்திய மாநிலங்களை வரைந்து மனத்தில் நிறுத்தும் முறை

மளிகைக் கடை பில், துணிக்கடை பில், எதுவானாலும் ஒன்றை எடுத்துப் பாருங்கள். 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்கும். தமிழ்நாட்டுக் கடை என்றால் அது 33 என்று தொடங்கும். பெங்களூரிலிருந்து வந்த பார்சலில் 29, கேரளப் பில்லில் 32. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், அடுத்த பத்து கடைக்காரரின் பான் எண். இந்த மாநில எண்கள் ஜி.எஸ்.டி.க்காகப் புதிதாகப் போட்டவை அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலங்களுக்குக் கொடுத்த வரிசை எண்களே அவை. அந்த வரிசை அகரவரிசையும் அல்ல, பரப்பளவு வரிசையும் அல்ல. காஷ்மீரில் கால் வைத்து, நாட்டைச் சுற்றி வளைந்து, அந்தமானில் போய் நிற்கும் ஒரு நடைப்பாதை.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் 28 மாநிலம், 28 தலைநகரம் என்று இரண்டு பத்திப் பட்டியலை உருப்போடுகிறார்கள். உருப்போட்டது தேர்வு நாள் வரை தாங்கும். ஆனால் கேள்வி பட்டியலிலிருந்து வராது. "சத்தீஸ்கரோடு எல்லையைப் பகிராத மாநிலம் எது?", "கடகரேகை கடக்காத மாநிலம் எது?" என்றுதான் வரும். படம் மனத்தில் இல்லாதவருக்கு அங்கே கை நிற்கும். ஆகவே முதலில் படம், அதன்மேல் எண், அதன்மேல் ஆண்டு. இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

பெட்டியும் கோடுகளும்

வேண்டியவை ஒரு ஏ4 தாள், 30 செ.மீ. அளவுகோல், பென்சில், அழிப்பான். கோடு போட்ட தாள் வேண்டாம். அதன் கோடுகள் கண்ணைக் குழப்பும்.

இந்தியாவின் நீளம் வடக்கு தெற்காக 3,214 கி.மீ., அகலம் கிழக்கு மேற்காக 2,933 கி.மீ. ஒரு செ.மீ.க்கு 200 கி.மீ. என்று வைத்தால் 16 செ.மீ. உயரம், 14.6 செ.மீ. அகலத்தில் ஒரு பெட்டி போதும். தாளின் நடுவே அந்தப் பெட்டியை லேசாக வரையுங்கள். கீழே ஒரு 2 செ.மீ. இடம் விடுங்கள்; ஏன் என்பது பின்னால் தெரியும்.

பெட்டிக்குள் முதலில் ஒரு நெடுக்குக் கோடு. இடது விளிம்பிலிருந்து 4.6 செ.மீ. தள்ளி, மேலிருந்து கீழ் வரை. இதுதான் முதுகெலும்பு. லே, சிம்லா, டெல்லி, போபால், பெங்களூரு, கன்னியாகுமரி ஆறும் கிழக்குத் தீர்க்கரேகை 77 பாகையை ஒட்டியே இருக்கின்றன. வரைபடத்தை ஆண்டுக்கணக்கில் பார்த்தவர்களுக்கும் இது சட்டென்று பிடிபடுவதில்லை. பெங்களூரு ஏதோ மேற்கே, கன்னியாகுமரி ஏதோ கிழக்கே என்ற எண்ணம் பலருக்கு உண்டு. பெட்டியின் மேல் விளிம்பிலிருந்து அளந்து இந்தக் கோட்டில் புள்ளி வையுங்கள்:

லே 1.6 செ.மீ.
சிம்லா 3.3
டெல்லி 4.7
போபால் 7.7
பெங்களூரு 13.4
கன்னியாகுமரி 16, அதாவது பெட்டியின் அடி விளிம்பு.

அடுத்து ஒரு கிடைக்கோடு, மேலிருந்து 7.5 செ.மீ.யில். இது கடகரேகை, நாட்டின் அரைஞாண் கயிறு. இந்தக் கோட்டை ஒட்டியும் ஐந்து தலைநகரங்கள் வரிசையாக இருக்கின்றன. இடது விளிம்பிலிருந்து காந்திநகர் 2.3, போபால் 4.6, ராஞ்சி 8.6, அகர்தலா 11.6, ஐஸ்வால் 12.3. இவற்றில் போபால், காந்திநகர், ராஞ்சி மூன்றும் கோட்டுக்கு ஒரு நூல் கீழே, அகர்தலாவும் ஐஸ்வாலும் ஒரு நூல் மேலே. முதுகெலும்பும் அரைஞாணும் வெட்டிக்கொள்ளும் இடம் போபாலுக்குச் சற்று வடக்கே விழும். மத்தியப் பிரதேசம் என்று பெயர் வைத்ததில் தப்பில்லை.

இனி இரண்டு சிறிய கோடுகள். இடமிருந்து 2.3 செ.மீ.யில் காந்திநகர், அதன் நேர் கீழே மும்பை (மேலிருந்து 10), இன்னும் நேர் கீழே கடலில் லட்சத்தீவின் கவரத்தி (14.7). இடமிருந்து 10.2 செ.மீ.யில் கேங்டாக் (5.4), சிலிகுரி (5.8), கொல்கத்தா (8.1). மேற்கு வங்கம் என்பது இந்தக் கோட்டைப் பிடித்து நிற்கும் ஒரு மாநிலம். இமயத்தின் அடியிலிருந்து கடல் வரை நீளும் ஒரே மாநிலம் அதுதான்.

கரை வரைய இன்னும் ஐந்து புள்ளி: குஜராத்தின் மேற்கு முனை (இடது விளிம்பிலேயே, மேலிருந்து 7.4), பனாஜி (2.9, 12), சென்னை (6.1, 13.3), விசாகப்பட்டினம் (7.6, 10.8), பூரி (8.9, 9.6). அடைப்புக்குள் முதல் எண் இடமிருந்து, இரண்டாவது மேலிருந்து. கிழக்கு முனைக்கு அருணாச்சலத்தின் கடைசிப் புள்ளியை வலது விளிம்பில், மேலிருந்து 5 செ.மீ.யில் வையுங்கள். புள்ளிக் கோலம் போடுவது போலத்தான். புள்ளி சரியாக விழுந்தால் கோடு தானாக வரும்.

இங்கே வழக்கமாக மூன்று தவறு நடக்கும். ஒன்று, சௌராஷ்டிரத் தீபகற்பத்தை மறந்து, கட்சிலிருந்து மும்பைக்கு நேர்க்கோடு இழுத்துவிடுவது. இரண்டு, தென்முனையைப் பெட்டியின் நடுவில் வைப்பது. கன்னியாகுமரி நடுவிலே இல்லை, இடது மூன்றில் ஒரு பங்கு எல்லையில் இருக்கிறது; வலது பாதியின் கீழே இருப்பது முழுக்க வங்கக் கடல். மூன்று, சிலிகுரிக் கழுத்தைத் தடியாகப் போடுவது. அந்த இடைவழி மிகக் குறுகலான இடத்தில் 20 கி.மீ. சொச்சம். உங்கள் தாளில் அது 1 மில்லிமீட்டர், பென்சில் கோட்டின் தடிமன். எட்டு வடகிழக்கு மாநிலங்களில் ஏழை நாட்டோடு இணைப்பது அந்த ஒரு கோடு. சிக்கிம் அந்தக் கழுத்துக்கு மேலே தனியாக உட்கார்ந்திருக்கிறது. அதற்கு அண்டை மாநிலம் மேற்கு வங்கம் ஒன்றே.

எண் போகும் வழி

இப்போது எண்களை வையுங்கள். எல்லைக் கோடுகளை இன்னும் வரைய வேண்டாம். அந்தந்த இடத்தில் எண் மட்டும்.

01 ஜம்மு காஷ்மீர். அங்கிருந்து தென்கிழக்கே இறங்கினால் 02 இமாச்சலம். மேற்கே திரும்பி 03 பஞ்சாப், அதன் ஓரத்தில் 04 சண்டிகர். கிழக்கே தாண்டி 05 உத்தராகண்ட், மீண்டும் மேற்கே 06 ஹரியானா, அதன் மடியில் 07 டெல்லி, இன்னும் மேற்கே 08 ராஜஸ்தான். ஊஞ்சல் போல மேற்கும் கிழக்குமாக ஆடுகிற இந்த எட்டும்தான் முதலில் குழப்பும். ஜம்மு காஷ்மீர், இமாச்சலம், உத்தராகண்ட் மூன்றும் மலை. மற்றவை சமவெளியும் பாலையும் என்று பிரித்துக்கொண்டால் தெளியும்.

பிறகு கங்கையோடு கிழக்கே நேர்நடை: 09 உத்தரப் பிரதேசம், 10 பீகார். அங்கிருந்து வங்கத்தின் கழுத்தைத் தாண்டி ஒரு குதி, 11 சிக்கிம். பூடானைத் தாண்டி இன்னொரு குதி, 12 அருணாச்சலம்.

இந்த இடத்தில் நிதானமாக நில்லுங்கள், பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். அசாமைக் கருவறையாக நினைத்துக்கொண்டு பிரகாரத்தை வலம் வாருங்கள். வடக்கே அருணாச்சலம் (12), கிழக்கே நாகாலாந்து (13), அதற்குக் கீழே மணிப்பூர் (14), தெற்கே மிசோரம் (15), தென்மேற்கே திரிபுரா (16), மேற்கே மேகாலயா (17). சுற்று முடிந்ததும் உள்ளே நுழைந்தால் அசாம் (18). வலஞ்சுழியாகவே போகும், இடஞ்சுழியாக வந்துவிட்டால் எங்கோ பிழை. மணிப்பூர், மிசோரம், மேகாலயா மூன்றும் 'ம' வரிசையில் தொடங்குவதால் வரும் குழப்பத்துக்கு "நா, ம, மி, தி, மே" என்று சொல்லிக்கொண்டே விரலால் சுற்றிவந்தால் போதும். மேகாலயா அசாமை மட்டுமே தொடும் மாநிலம் என்பதும், திரிபுராவை வங்கதேசம் மூன்று பக்கமும் சூழ்ந்திருக்கிறது என்பதும் இந்தச் சுற்றிலேயே ஒட்டிக்கொள்ளும்.

அசாமிலிருந்து கழுத்து வழியே திரும்பி 19 மேற்கு வங்கம். அதன் மேற்கே 20 ஜார்கண்ட், தெற்கே 21 ஒடிசா, மேற்கே 22 சத்தீஸ்கர், 23 மத்தியப் பிரதேசம், 24 குஜராத். அரைஞாண் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேற்குக் கடலுக்கு வந்துவிட்டோம். 26 தாத்ரா நகர் ஹவேலியும் டாமன் டையூவும். 27 மகாராஷ்டிரா. 29 கர்நாடகா, 30 கோவா, கடலில் 31 லட்சத்தீவு, 32 கேரளா, 33 தமிழ்நாடு, 34 புதுச்சேரி, வங்கக் கடலில் 35 அந்தமான் நிக்கோபார். ஐஸ்வாலுக்கு நேர் கீழே கோட்டைப் பிடித்து இறங்கினால், மேலிருந்து 14 செ.மீ.யில் அந்தமானின் தலைநகர். 2024 வரை போர்ட் பிளேர், இப்போது ஸ்ரீ விஜயபுரம். அந்தத் தீவுத் தொடரின் கடைசி முனையான இந்திரா முனை கன்னியாகுமரிக்கும் தெற்கே, பெட்டிக்கு வெளியே கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் கீழே விழும். கீழே இடம் விடச் சொன்னது அதற்குத்தான். "இந்தியாவின் தென்முனை எது, இந்தியப் பெருநிலத்தின் தென்முனை எது" என்று இரண்டு கேள்வி ஏன் இருக்கிறது என்பதும் அங்கே புரியும்.

விட்டுப்போன எண்கள் 25, 28. டாமன் டையூ முன்பு தனி யூனியன் பிரதேசம், அதன் எண் 25. 2020 ஜனவரி 26 அன்று அது தாத்ரா நகர் ஹவேலியோடு இணைந்ததும் 26 மட்டும் நின்றது. 28 என்பது பிரியாத ஆந்திரம். பிரிந்த பிறகு தெலங்கானா 36, இப்போதைய ஆந்திரம் 37. காஷ்மீரிலிருந்து பிரிந்த லடாக் 38. வரைபடத்தில் 36, 37-ஐ மகாராஷ்டிரத்துக்குக் கிழக்கே, 38-ஐ உச்சியில் எழுதுங்கள். வரிசை கலைந்து நிற்கும் எண்கள் எல்லாமே அண்மையில் கத்திரி பட்ட இடங்கள்.

சரிபார்க்க ஒரு கணக்கு. எண்கள் 38. செத்துப்போனவை 25, 28 என இரண்டு. மீதி 36. அதில் மாநிலம் 28, யூனியன் பிரதேசம் 8. உங்கள் தாளில் 36 எண் இல்லை என்றால் ஏதோ ஒன்றை விட்டுவிட்டீர்கள். அநேகமாக அது சண்டிகராக இருக்கும்.

எல்லைகளை எந்த வரிசையில் போடுவது

வடக்கிலிருந்து தெற்காக ஒவ்வொன்றாக வரைந்தால் பாதியில் இடம் போதாமல் போகும். பெரியவற்றை முதலில் போடுங்கள்: ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா, உத்தரப் பிரதேசம். பரப்பளவில் முதல் நான்கு இவைதான், ராஜஸ்தான் 3,42,239 சதுர கி.மீ. மற்றவை இவற்றின் இடுக்குகளில் பொருந்தும்.

உத்தரப் பிரதேசத்தை வரைந்ததும் அதன் அண்டை வீட்டாரை எண்ணுங்கள். உத்தராகண்ட், இமாச்சலம், ஹரியானா, ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஜார்கண்ட், பீகார் என எட்டு மாநிலம், கூடவே டெல்லி. நாட்டிலேயே அதிக அண்டை உள்ளது இதற்குத்தான். சத்தீஸ்கருக்கு ஏழு: மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், ஜார்கண்ட், ஒடிசா, ஆந்திரம், தெலங்கானா, மகாராஷ்டிரா. கடல் குதிரையைப் போன்ற அதன் நீண்ட உடலை வரைந்தவருக்கு இந்த ஏழும் மறக்காது. பீகாரை அதன் அண்டை என்று எழுதுவதுதான் வழக்கமான பிழை. நடுவில் ஜார்கண்ட் இருக்கிறது.

கடகரேகை கடக்கும் எட்டையும் மேற்கிலிருந்து கிழக்காக அந்தக் கோட்டிலேயே படியுங்கள்: குஜராத், ராஜஸ்தான் (தெற்கு நுனி மட்டும்), மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஜார்கண்ட், மேற்கு வங்கம், திரிபுரா, மிசோரம். ஒடிசாவும் பீகாரும் வருமோ என்று தோன்றும். வராது, ஒடிசா கோட்டுக்குக் கீழே, பீகார் மேலே. கடற்கரை உள்ள மாநிலம் ஒன்பது. தெலங்கானாவுக்குக் கரை இல்லை, பிரிவினையில் கரை முழுவதும் ஆந்திரத்தோடு போயிற்று.

ஆண்டுகளை ஏணியாக வையுங்கள்

ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி நாள் மனப்பாடம் செய்வது வீண் வேலை. எண்ணிக்கை எப்போது எவ்வளவு ஏறியது என்று படித்தால் நாள் பின்னாலேயே வரும்.

அடிப்படி 1956 நவம்பர் 1. அதற்கு முன் அரசமைப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏ, பி, சி, டி என நான்கு வகை இருந்தன. தனி ஆந்திரம் கேட்டுப் பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாவிரதமிருந்து 1952 டிசம்பர் 15 அன்று உயிர்விட்டதை அடுத்து, 1953 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணத்திலிருந்து ஆந்திர மாநிலம் பிரிந்தது, தலைநகர் கர்நூல். பின்னர் ஃபசல் அலி தலைமையில், குன்ஸ்ரு, பணிக்கர் அடங்கிய மாநில மறுசீரமைப்புக் குழு 1955-இல் அறிக்கை கொடுத்தது. அதன் விளைவாக வந்த 1956 சட்டம் ஏ, பி, சி, டி-யை அழித்து, 14 மாநிலம், 6 யூனியன் பிரதேசம் என்று ஆக்கியது. திருவிதாங்கூர் கொச்சியிலிருந்து கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம் பக்கம் வந்தது அன்றைக்குத்தான்.

அதிலிருந்து ஏறுங்கள். 1960 மே 1, பம்பாய் மாநிலம் மகாராஷ்டிரா, குஜராத் என உடைந்து 15. 1963 டிசம்பர் 1, நாகாலாந்து, 16. 1966 நவம்பர் 1, ஹரியானா, 17. அதே நாளில் சண்டிகர் யூனியன் பிரதேசம். 1971 ஜனவரி 25, இமாச்சலம், 18. 1972 ஜனவரி 21, மணிப்பூர், திரிபுரா, மேகாலயா மூன்றும் ஒரே நாளில், 21. 1975 மே 16, சிக்கிம், 22. 1987 பிப்ரவரி 20, மிசோரமும் அருணாச்சலமும், 24. அதே ஆண்டு மே 30, கோவா, 25. 2000 நவம்பரில் மூன்று: 1-ஆம் தேதி சத்தீஸ்கர், 9-ஆம் தேதி உத்தராஞ்சல் (2007 முதல் உத்தராகண்ட்), 15-ஆம் தேதி ஜார்கண்ட், ஆக 28. 2014 ஜூன் 2, தெலங்கானா, 29. 2019 அக்டோபர் 31, ஜம்மு காஷ்மீர் மாநிலத் தகுதி இழந்து, லடாக் தனியாகி, மீண்டும் 28.

இந்த ஏணியில் ஒருமுறைதான் கீழே இறங்குகிறோம், அந்தக் கடைசிப் படியில். பழைய கைடுகளில் "29 மாநிலம், 7 யூனியன் பிரதேசம்" என்று அச்சாகியிருப்பதற்குக் காரணம் அது. யூனியன் பிரதேசம் 2019-இல் 9 ஆகி, 2020 ஜனவரியில் 8 ஆனது. அந்த மூன்று மாத இடைவெளியில் அச்சான புத்தகத்தில் 9 என்று இருக்கும். கையில் இருப்பது எந்த ஆண்டுப் பதிப்பு என்று பார்த்துவிட்டுப் படியுங்கள்.

பெயர் மாறியதையும் மாநிலம் உருவானதையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. மெட்ராஸ் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி 14. மைசூர் கர்நாடகா ஆனது 1973 நவம்பர் 1. ஒரிசா ஒடிசா ஆனது 2011. இவை எதிலும் எண்ணிக்கை ஏறவில்லை.

மாநிலங்களை இப்படி உடைத்தும் ஒட்டியும் செய்ய எங்கிருந்து அதிகாரம்? அரசமைப்பின் 3-ஆவது உறுப்பு. குடியரசுத் தலைவரின் பரிந்துரையோடு மசோதா வரும். அதைச் சம்பந்தப்பட்ட மாநிலச் சட்டமன்றத்துக்குக் கருத்துக் கேட்டு அனுப்புவார்கள். அந்தக் கருத்து நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. சாதாரணப் பெரும்பான்மை போதும். 2014-இல் ஆந்திரச் சட்டமன்றம் மறுத்த பிறகும் பிரிவினை மசோதா நிறைவேறியது இப்படித்தான். அமெரிக்காவில் ஒரு மாநிலத்தைப் பிரிக்க அதன் சட்டமன்றச் சம்மதம் கட்டாயம். நம் அரசமைப்பு 1-ஆவது உறுப்பில் "மாநிலங்களின் ஒன்றியம்" என்று சொல்லி, கூட்டாட்சி என்ற சொல்லைத் தொடாமல் விட்டது. கட்டுரைத் தாளில் இதை எழுதும்போது "கூட்டாட்சி நாடு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் மதிப்பெண் போகும். 3-ஆவது உறுப்பைக் காட்டி, கூட்டாட்சிக் கூறுகள் எவை, ஒற்றையாட்சிக் கூறுகள் எவை என்று பிரித்து எழுதுங்கள்.

யூனியன் பிரதேசம்: எட்டும் ஒன்றல்ல

எட்டில் மூன்றுக்குச் சட்டமன்றம் உண்டு: டெல்லி, புதுச்சேரி, ஜம்மு காஷ்மீர். மாநிலங்களவைக்கு உறுப்பினர் அனுப்புவதும் இந்த மூன்றுதான். முறையே 3, 1, 4. மற்ற ஐந்து, அதாவது சண்டிகர், லடாக், தாத்ரா நகர் ஹவேலி டாமன் டையூ, லட்சத்தீவு, அந்தமான் ஆகியவற்றுக்கு மக்களவை உறுப்பினர் மட்டும். வரியிலும் இதே பிரிவு நடைமுறையில் இருக்கிறது. சட்டமன்றம் உள்ள மூன்றில் பில்லில் மாநில ஜி.எஸ்.டி. என்று வரும், இல்லாத ஐந்தில் யூனியன் பிரதேச ஜி.எஸ்.டி. என்று வரும். ஒரு பில்லைப் பார்த்தே அந்த இடத்துக்குச் சட்டமன்றம் உண்டா என்று சொல்லிவிடலாம்.

தமிழ் வாசகர்கள் அதிகம் சறுக்குவது புதுச்சேரியில். அது ஒரே துண்டு நிலம் அல்ல. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுக் கரையில், மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திரத்தில் கோதாவரி முகத்துவாரத்தில். நான்குக்கும் ஜி.எஸ்.டி. எண் 34, ஆனால் அஞ்சல் குறியீடு சுற்றியுள்ள மாநிலத்தோடு போகும்: காரைக்கால் 609, மாஹே 673, ஏனாம் 533 என்று தொடங்கும். வரைபடத்தில் 34-ஐ நான்கு இடத்திலும் எழுதுங்கள். கடை வைத்திருப்பவர்களுக்கு இது வெறும் பொது அறிவு இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து காரைக்காலுக்குச் சரக்கு போனால் தூரம் சில கிலோமீட்டர்தான், ஆனால் 33-இலிருந்து 34-க்குப் போகிறது; மத்திய, மாநில ஜி.எஸ்.டி. என்று இரண்டாகப் பிரிக்காமல் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. போட வேண்டும். அஞ்சல் குறியீட்டைப் பார்த்து "நம்ம ஊர்தானே" என்று பில் போட்டால் பிறகு திருத்த அலைய நேரிடும்.

சண்டிகர் இன்னொரு பொறி. பஞ்சாபுக்கும் தலைநகர், ஹரியானாவுக்கும் தலைநகர், ஆனால் இரண்டுக்கும் சொந்தமில்லை. அதனால் 28 மாநிலத்துக்கு 28 ஊர் என்ற கணக்கு பொருந்தாது. மறுபக்கம், இமாச்சலத்துக்குச் சிம்லாவோடு குளிர்காலத்துக்குத் தர்மசாலா, மகாராஷ்டிரத்துக்கு மும்பையோடு குளிர்காலக் கூட்டத்துக்கு நாக்பூர், உத்தராகண்டுக்குக் கோடையில் கெய்ர்சைண்.

தலைநகர் இருக்கும் ஊரிலேயே உயர் நீதிமன்றமும் இருக்கும் என்று நினைப்பதும் கூடாது. கேரளத்துக்குக் கொச்சி, ஒடிசாவுக்குக் கட்டாக், மத்தியப் பிரதேசத்துக்கு ஜபல்பூர், ராஜஸ்தானுக்கு ஜோத்பூர், சத்தீஸ்கருக்குப் பிலாஸ்பூர், உத்தராகண்டுக்கு நைனிடால், உத்தரப் பிரதேசத்துக்கு அலகாபாத் எனப்பட்ட பிரயாக்ராஜ். மொத்தம் 25 உயர் நீதிமன்றம் 36 இடத்துக்கு. ஆகப் பங்கு போட்டுக்கொள்பவை உண்டு. குவஹாத்தி நீதிமன்றத்துக்கு மட்டும் அசாம், நாகாலாந்து, மிசோரம், அருணாச்சலம் என நான்கு. சட்ட மேலவை, அதாவது மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டாவது அவை, ஆறு மாநிலங்களில் உண்டு: உத்தரப் பிரதேசம், பீகார், மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரம், தெலங்கானா. தமிழ்நாட்டில் 1986-இல் கலைத்தார்கள். இவற்றைத் தனிப் பட்டியலாக எழுதாமல் அதே வரைபடத்தில் வேறு நிறப் பென்சிலால் குறியுங்கள். ஆறு மேலவையும் உத்தரப் பிரதேசம் பீகார் ஒரு கொத்து, தக்காணத்தில் நான்கு ஒரு கொத்து என்று இரண்டே திட்டாகத் தெரியும்.

பழகும் முறை

முதல் நாள் பெட்டி, முதுகெலும்பு, அரைஞாண், புள்ளிகள் மட்டும். அளவுகோலோடு மூன்று முறை வரையுங்கள். இரண்டாம் நாள் எண்கள், 01 முதல் 18 வரை. மூன்றாம் நாள் 19 முதல் 38. நான்காம் நாள் எல்லைகள். ஐந்தாம் நாள் அளவுகோலை எடுத்து வைத்துவிட்டு வெறுங்கையால் வரையுங்கள். கோணல் மாணலாக வரும், வரட்டும். யார் யாருக்குப் பக்கத்தில் என்பது சரியாக இருந்தால் போதும். ஆண்டு ஏணியை ஆறாம் நாளுக்கு முன் தொடாதீர்கள். படம் நிற்பதற்குள் ஆண்டு ஏற்றினால் இரண்டும் கலங்கும்.

பார்த்து வரைவதைப் பழக்கம் என்று எண்ணிக்கொள்வதுதான் பெரிய ஏமாற்று. அட்லசை மூடிவிட்டு வரைந்து, பிறகு திறந்து, தவறிய எண்களை மட்டும் சிவப்பில் வட்டமிடுங்கள். மறுநாள் முழுப் படத்தையும் வரைய வேண்டாம்; சிவப்பு வட்டங்களையும் அவற்றின் அண்டைகளையும் மட்டும் வரையுங்கள். சர்வதேச எல்லைக்கு இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட வரைபடத்தையே வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு இணைய வரைபடங்களில் காஷ்மீர், லடாக், அருணாச்சல எல்லைகள் வேறு மாதிரி இருக்கும். விடைத்தாளில் அப்படி வரைந்தால் செல்லாது. லடாக்கின் வடகிழக்கு முனையான அக்சாய் சின்னும் 38-க்குள்ளேயே அடங்கும்படி கோட்டை இழுங்கள்.